இடுப்பளவு தண்ணீரில் கழித்தல் கணக்கு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததற்கெல்லாம் என் கோபம்தான் காரணம் என்று யாராவது சொன்னால் நான் மறுக்கப் போவதுமில்லை, ஒத்துக்கொள்ளப் போவதுமில்லை.

சுதந்திரம் வருவதற்கு ஒரு பத்து வருஷம் முன்னால் அது. மதுரையில் டிரெய்னிங் முடித்த கையோடு, சின்னமனூருக்கும் வீரபாண்டிக்கும் நடுவே ஆற்றோரமாக இருந்த ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் என்னைப் போட்டார்கள். அதுவரை அங்கே நாலாம் வகுப்பு மட்டும்தான். அந்த வருஷம் பரீட்சார்த்தமாக ஐந்தாம் வகுப்பு ஒன்று திறந்து, அதற்கு வாத்தியாராக என்னை அனுப்பியிருந்தார்கள். தை மாதம் டிப்டி இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். பிள்ளைகள் கணக்கில் தேறியிருந்தால் வகுப்பு நிலைக்கும், இல்லாவிட்டால் மூடிவிடுவார்கள்.

மூடினால் எனக்கு வேலை போகும். அது என் பாடு. வகுப்பில் இருந்த பதினோரு பிள்ளைகளில் ஏழு பையன்கள் சின்னமனூருக்கு நடந்து போய்ப் படிப்பார்கள், அல்லது படிப்பதாகச் சொல்லிவிட்டு வாழைத்தோப்பில் உட்கார்ந்திருப்பார்கள். மீதி நாலும் பெண் குழந்தைகள். அவர்களை வெளியூருக்கு அனுப்ப அந்த ஊரில் ஒரு வீடும் தயாராக இல்லை. பெரியவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். "உள்ளூர்ல இருக்கிற வரைக்கும் படிக்கட்டும்" என்றார்கள், நாலு வீட்டிலும் அதே வார்த்தை.

ஆடியில் வகுப்பு தொடங்கிய முதல் நாளே கரும்பலகையில் ஐம்பத்திரண்டிலிருந்து இருபத்தெட்டைக் கழிக்கச் சொல்லி எழுதிப் போட்டேன். ஒன்பது சிலேட்டில் பதினாலு என்று விடை வந்தது. வெளியூரிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பையன் மட்டும் இருபத்துநாலு என்று சரியாக எழுதியிருந்தான். இன்னொருவன் காளைமாடு வரைந்திருந்தான். மாடு நன்றாக இருந்தது. அறுபத்துமூன்றில் இருபத்தேழு என்று அடுத்த கணக்குப் போட்டேன். இருபத்தாறு என்றார்கள். நான் எல்லாச் சிலேட்டிலும் குறுக்கே கோடு இழுத்தேன். இழுத்த வேகத்தில் ஒரு சிலேட்டின் சட்டம் கழன்று விழுந்தது.

கோபத்தோடு நாலாம் வகுப்பு வாத்தியாரிடம் போனேன். அவர் ஒல்லியாக, உயரமாக, எப்போதும் விறைப்பாக இருப்பார். தலைப்பாகையை அவர் கட்டுவதில்லை, நிறுவுவார். "தம்பி, எங்கிட்ட வரும்போதே அதுகளுக்குக் கழித்தல் வராது. மூணாம் வகுப்புல கேளுங்க" என்றார்.

மூன்றாம் வகுப்பு வாத்தியார் குண்டு, சிரித்த முகம். மடியில் எந்நேரமும் பொரிகடலை இருக்கும். எனக்கும் ஒரு கை கொடுத்துவிட்டு, "எங்கிட்ட இருக்கிறவரைக்கும் நல்லாத்தான் போட்டுச்சுக. நாலாம் வகுப்புக்குப் போயித்தான் கெட்டுப்போகுதுக" என்றார். அடிப்படை சரியில்லை என்றால் ஒண்ணாம் வகுப்பைத்தான் பார்க்க வேண்டும் என்று போகிற போக்கில் சேர்த்துக்கொண்டார். இரண்டாம் வகுப்பை அவர் சொல்லவில்லை. இரண்டாம் வகுப்பை நடத்தியவர் பெரிய வாத்தியார், அதாவது ஹெட்மாஸ்டர்.

ஒண்ணாம் வகுப்பு டீச்சரம்மா போடி கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். மிஷன் பள்ளியில் படித்தவர். அவருடைய வகுப்பில் பிள்ளைகள் எந்நேரமும் தென்னை ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஊர்க்காரர்கள் அவர் விளக்குமாறு செய்யச் சொல்லிக் கொடுக்கிறார் என்று நினைத்தார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன்.

டிரெய்னிங்கில் எங்களுக்கு ஒரு விஷயம் சொல்லியிருந்தார்கள். ஒரு பள்ளியின் வாத்தியார்களெல்லாம் வாரத்துக்கு ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்து, பிள்ளைகள் எங்கே தடுக்குகிறார்கள் என்று பார்த்து, எல்லோருமாக ஒரு வழி செய்ய வேண்டும். நான் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். பெரிய வாத்தியாரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் "செஞ்சிருவோம்" என்பார். அதைச் செய்தும்விடுவார், அதுதான் சங்கடம்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, மணி அடித்த பிறகு முதல் கூட்டம். பெரிய வாத்தியார் நாற்காலியில். வேலையில் சேர்ந்த வரிசைப்படி மற்றவர்கள் பெஞ்சில். டீச்சரம்மா வாசலோரமாகத் தனி முக்காலியில். பெரிய வாத்தியார் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "யாருக்கும் ஏதும் குறை உண்டா?" என்று கேட்டார்.

"குறையா? இங்கனயா?" என்றார் நாலாம் வகுப்பு வாத்தியார்.

"ஒண்ணும் இல்லைங்க" என்றார் மூன்றாம் வகுப்பு.

நான் வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு தலைப்பாகைகளும் மெதுவாகத் திரும்பின. திறந்த வாயைக் கொட்டாவி என்று காட்டி மூடிக்கொண்டேன். கூட்டம் முடிந்தது. பொரிகடலை விநியோகம் நடந்தது. அந்த வாரத்துக் கூட்டக் குறிப்பில், "எல்லா வகுப்புகளிலும் எல்லாம் திருப்தி" என்று எழுதச் சொன்னார் பெரிய வாத்தியார். எழுதினேன். பேனா நிப்பு உடைந்தது.

மறுநாள் சனிக்கிழமை. அந்தப் பக்கத்தில் ஆண்கள் சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். நான் தலையில் நல்லெண்ணெயும் கையில் அரப்புக் கிண்ணமுமாக ஆற்றுக்குப் போனேன். பெரியாற்றுத் தண்ணீர் திறந்துவிட்டிருந்ததால் ஆற்றில் இடுப்பளவு ஓட்டம். பெரிய வாத்தியார், மூன்றாம் வகுப்பு, நாலாம் வகுப்பு மூவரும் கோவணத்தோடு, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்கள். கோட்டு இல்லை, தலைப்பாகை இல்லை. பெரிய வாத்தியாருக்குத் தலையில் ஒரு முடிகூட இல்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"ஒமக்குக் கணக்கும் தெரியாது, கடலையும் சரியா வறுக்கத் தெரியாது" என்று நாலாம் வகுப்பு வாத்தியார் மூன்றாம் வகுப்பு வாத்தியாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பெரிய வாத்தியாரே, நீக ரெண்டாம் வகுப்புல தூங்குறீக. அதச் சொல்லாம என்னையே சொன்னா எப்படி?" என்றார் மூன்றாம் வகுப்பு.

"மத்தியானம் மட்டுந்தானய்யா" என்றார் பெரிய வாத்தியார், மிகவும் பணிவாக.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நேற்றுப் பள்ளிக்கூடத்தில் வாய் பேசாத அதே மூன்று பேர்தான் இவர்கள். அரப்புக் கிண்ணத்தைக் கரையில் வைத்துவிட்டு இறங்கினேன். "இனிமேல் கூட்டத்தை இங்கேயே வைத்துக்கொண்டால் என்ன?" என்று கேட்டேன். பெரிய வாத்தியார் வழக்கம்போல் "செஞ்சிருவோம்" என்றார்.

முதல் இரண்டு சனிக்கிழமைகளில் கூட்டம் கைகலப்பில் முடியப் பார்த்தது. ஈர மண்ணைக் கொஞ்சம் வீசிக்கொண்டார்கள். ஆகவே பெரிய வாத்தியார் ஒரு விதி போட்டார். யாருக்குக் கோபம் வந்தாலும், பதில் சொல்வதற்கு முன் ஒருமுறை முங்கி எழுந்துவிட வேண்டும். மார்கழிப் பனியில், மேகமலைக் காற்று வீசும்போது, அந்த விதி நன்றாக வேலை செய்தது. ஒரு கூட்டத்தில் நான் மட்டும் பதினேழு தடவை முங்கினேன். அன்றைக்கு எண்ணெய் போகத் தனியாக அரப்புத் தேய்க்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் கணக்கு மட்டும் அசையவில்லை. தான் சொல்லிக் கொடுத்ததுதான் சரி என்று மூன்றாம் வகுப்பும், தான் சொல்லிக் கொடுத்ததுதான் சரி என்று நாலாம் வகுப்பும் மாறி மாறிச் சொல்லி, மாறி மாறி முங்கினார்கள். தை பிறக்க இரண்டு வாரம்தான் இருந்தது.

ஆண்கள் துறைக்குச் சற்றுக் கீழே, நாணல் புதரைத் தாண்டிப் பெண்கள் துறை. மார்கழி நடுவில் ஒரு சனிக்கிழமை, நாணலுக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

"சார், கொஞ்சம் நிறுத்துறீகளா?"

டீச்சரம்மாவின் குரல். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கட்டிப் போகிற வெள்ளைச் சேலையை அவர் சனிக்கிழமைதான் துவைப்பார். நாலு வாரமாக எங்கள் கூட்டத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவர் மட்டுமா, அந்தத் துறையில் துணி துவைத்த பெண்கள் எல்லோருமே கேட்டிருக்கிறார்கள். பெரிய வாத்தியார் மத்தியானம் தூங்குவது ஊருக்கே தெரிந்தது எப்படி என்று எனக்கு அப்போது விளங்கியது. நாங்கள் நாலு பேரும் கழுத்தளவுக்குத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டோம், நாணல் மறைத்திருந்தும்.

"ஐம்பத்திரண்டுல இருபத்தெட்டக் கழிங்க. ஆளுக்கு ஒரு தரம். வாய்விட்டுச் சொல்லுங்க" என்றது நாணல்.

மூன்றாம் வகுப்பு வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ரெண்டுல எட்டுப் போகாது. பக்கத்து வீட்டு அஞ்சுகிட்ட ஒண்ணு இரவல் வாங்கு. அஞ்சு நாலாச்சு. இங்கன பன்னெண்டு. எட்டுப் போனா நாலு. அங்கன நாலுல ரெண்டு போனா ரெண்டு. இருபத்துநாலு."

"சரி. நாலாம் வகுப்பு சார்?"

"இரவல் எல்லாம் வாங்கக் கூடாது, அசிங்கம்" என்று ஆரம்பித்தார் அவர். "ரெண்டுல எட்டுப் போகாது. மேல பத்து கூட்டிக்க. பன்னெண்டுல எட்டுப் போனா நாலு. மேல பத்து கூட்டினா கீழயும் பத்து கூட்டணும், அதான் நியாயம். கீழ் ரெண்டு மூணாச்சு. அஞ்சுல மூணு போனா ரெண்டு. இருபத்துநாலு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இருபது வருஷமாக அடுத்தடுத்த வகுப்பில் இருந்தவர்கள். நடுவில் ஒரு தட்டிதான். மற்றவர் எப்படிக் கழிக்கிறார் என்று அன்றுவரை ஒருவருக்கொருவர் தெரியாது. இரண்டு வழியும் சரி, இரண்டிலும் விடை ஒன்று.

"இங்கன அஞ்சாம் வகுப்புப் பிள்ளை ஒண்ணு நிக்குது. நீ சொல்லு ஆத்தா" என்றார் டீச்சரம்மா.

என் வகுப்புப் பெண் குழந்தைகள் நாலில் ஒருத்தி. அம்மாவோடு துணி துவைக்க வந்திருக்கிறாள். மெல்லிய குரலில், தடுமாறாமல் சொன்னாள். "ரெண்டுல எட்டுப் போகாது. பன்னெண்டு. எட்டுப் போனா நாலு. மேல் அஞ்சு நாலாச்சு, அது மூணாம் வகுப்பு சாருக்கு. கீழ் ரெண்டு மூணாச்சு, அது நாலாம் வகுப்பு சாருக்கு. நாலுல மூணு போனா ஒண்ணு. பதினாலு."

"ரெண்டையும் எதுக்குத்தா செய்யிற?" என்று கேட்டார் டீச்சரம்மா.

"ஒருத்தர் சொன்னத விட்டா, அவுக கோவிச்சுக்கிருவாகல்ல."

இந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராது என்று நாங்கள் நாலு பேரும் தீர்மானித்து வைத்திருந்தோம். அவர்களோ இரண்டு வாத்தியார்களின் மனமும் கோணாமல் இருக்க, ஒவ்வொரு கணக்கிலும் ஒரு பத்தைப் பலி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் எங்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டில் ஒரு வழியை வைத்துக்கொள்வது என்று முடிவானதும், எந்த வழி என்று சண்டை தொடங்கியது. முங்கி முங்கி இருவருக்கும் கண் சிவந்துவிட்டது. கடைசியில் நாலாம் வகுப்பு வாத்தியார், "சரிய்யா. ரெண்டு பேரும் ஒண்ணா முங்குவோம். யாரு ரொம்ப நேரம் தாக்குப் பிடிக்கிறாகளோ அவுக கழித்தல்தான்" என்றார். கழித்தல் கணக்கை இப்படித் தீர்மானித்த பள்ளிக்கூடம் வேறு எங்கும் இருந்திருக்காது. நான் தடுத்திருக்கலாம். ஆனால் யார் ஜெயிப்பார் என்று பார்க்க எனக்கும் ஆசையாக இருந்தது.

பெரிய வாத்தியார் எண்ண ஆரம்பித்தார். முப்பத்தெட்டில் நாலாம் வகுப்பு வாத்தியார் மூச்சுவாங்க எழுந்தார். மற்றவரைக் காணோம். ஐம்பது. அறுபது. எழுபதில் எண்ணுவதை விட்டுவிட்டு நாங்கள் தண்ணீருக்குள் கைவிட்டுத் துழாவினோம். நாலாம் வகுப்பு வாத்தியார், "நானே தோத்துட்டேன்யா, எந்திரிய்யா" என்று தண்ணீரைப் பார்த்து அழாத குறையாகச் சொன்னார்.

அப்போது பெண்கள் துறையில் கூச்சல் கிளம்பியது.

இருபது வருஷப் பொரிகடலை அவரை மிதக்க வைத்து, ஓட்டம் அவரை நாணலுக்கு அடியில் இழுத்துப் போயிருக்கிறது. மூச்சு முட்டி, தலையில் பாசியோடு எழுந்திருக்கிறார். எதிரே பத்துப் பெண்கள். உடனே மறுபடி முங்கி, ஓட்டத்துக்கு எதிராக நீந்தப் பார்த்து, அதே இடத்தில் எழுந்திருக்கிறார். ஈரத்துணி ஒன்று முகத்தில் விழுந்தது. மறுபடி முங்கினார், மறுபடியும் அங்கேயே எழுந்தார். இந்தத் தடவை சவுக்காரக் கட்டி நெற்றியில் பட்டது.

"சார், முங்காதீக. கண்ண மூடிக்கிட்டு நேரா நடங்க. நாலாவது தடவையும் இங்கன எந்திரிச்சீகன்னா நான் பொறுப்பில்ல" என்று டீச்சரம்மா சொல்வது கேட்டது.

கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, நாணலை விலக்கிக்கொண்டு அவர் வந்து சேர்ந்தார். நெற்றியில் எலுமிச்சை அளவுக்கு வீக்கம். நாலாம் வகுப்பு வாத்தியார் ஓடிப்போய் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். எண்ணெய் பூசிய உடம்பு என்பதால் அந்தப் பிடி நிலைக்கவில்லை. இரண்டு பேரும் விழுந்தார்கள்.

"முங்கினது போதும். நான் சொல்றதக் கேக்குறீகளா?" என்றார் டீச்சரம்மா. "ஒண்ணாம் வகுப்புல என் பிள்ளைக பத்து ஈர்க்க ஒரு கட்டாக் கட்டுதுக. மூணாம் வகுப்பு சார் சொல்ற இரவலு, ஒரு கட்ட அவுக்கிறதுதான். பிள்ளைக கண்ணால பாக்கலாம், கையால தொடலாம். மேலயும் கீழயும் பத்து கூட்டுறத எந்தக் குச்சிய வச்சுக் காட்டுவீக? இத முடிவு பண்ண ஆத்துக்குள்ள முங்கணுமா?"

நாலாம் வகுப்பு வாத்தியார் ஒருமுறை முங்கி எழுந்தார்.

திங்கட்கிழமை நான் கண்டது இதுதான். மூன்றாம் வகுப்பின் கடைசி வரிசையில், எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே, தலைப்பாகையும் கோட்டுமாக நாலாம் வகுப்பு வாத்தியார் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஈர்க்குக் கட்டு. முழங்கால் பக்கத்துப் பையன் மேல் இடித்தது. மூன்றாம் வகுப்பு வாத்தியார் நெற்றி வீக்கத்தோடு பாடம் நடத்தினார். பழக்க தோஷத்தில், "ஏலே, கடைசி வரிசை, கவனி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். கடைசி வரிசை கவனித்தது. ஒரு வாரம் அப்படி உட்கார்ந்தார். பிறகு நாலாம் வகுப்பிலும் என் வகுப்பிலும் கட்டை அவிழ்க்கும் கழித்தல்தான்.

தை பிறந்து, டிப்டி இன்ஸ்பெக்டர் சின்னமனூரிலிருந்து வில்வண்டியில் வந்து இறங்கினார். நேராக ஐந்தாம் வகுப்புக்கு வந்தார். வாத்தியார்கள் நாலு பேரும் சுவரோரம் நின்றோம், டீச்சரம்மா வாசலில். ஆற்றங்கரையில் பதில் சொன்ன அதே பெண்ணைக் கூப்பிட்டுக் கரும்பலகையில் கணக்கு எழுதினார். ஐம்பத்திரண்டில் இருபத்தெட்டு. உலகத்தில் இன்ஸ்பெக்டர்களுக்கு வேறு எண்ணே கிடைக்காது போலிருக்கிறது.

அவள் ஐந்தை அடித்து நாலு என்று போட்டாள்.

"நில்லு" என்றார் இன்ஸ்பெக்டர். "மேல் எண்ணில் ஏன் கை வைக்கிறாய்? கீழே அல்லவா ஒன்று கூட்ட வேண்டும்?"

அவருக்கும் நாலாம் வகுப்பு வாத்தியார் வழிதான். அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நாலு அப்படியே இருக்க, கீழே இருந்த இரண்டை மூன்றாக்கினாள். "இது இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு" என்றாள் மெதுவாக. பதினாலு என்று எழுதினாள்.

"தப்பு" என்றார் இன்ஸ்பெக்டர். கையிலிருந்த நோட்டைத் திறந்தார்.

போயிற்று என்று நினைத்தேன். ஐந்தாம் வகுப்பு போயிற்று, நாலு பெண் பிள்ளைகளின் படிப்பும் போயிற்று, நானும் போனேன். அப்போது நாலாம் வகுப்பு வாத்தியார் சுவரை விட்டு முன்னால் வந்தார். "ஐயா, அந்தப் பிள்ளை..." என்று ஆரம்பித்தார்.

"உம்மை யார் கேட்டது? இத்தனை வருஷம் சர்வீஸ் போட்டும் ஒரு கழித்தல் சொல்லிக் கொடுக்கத் தெரியவில்லை" என்றார் இன்ஸ்பெக்டர்.

நாலாம் வகுப்பு வாத்தியாருக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. காது சிவந்தது. விறுவிறுவென்று மூலையிலிருந்த தண்ணீர்ப் பானையிடம் போனார். செம்பை உள்ளே விட்டு நிறைய மொண்டார். தலைப்பாகை, கோட்டு எதையும் கழற்றாமல் தலையோடு ஊற்றிக்கொண்டார். ஒரு செம்பு போதவில்லை போலும், இன்னொன்றும் ஊற்றினார். பிறகு சொட்டச் சொட்டத் திரும்பி வந்து நின்றார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டர் பின்னால் ஒரு அடி எடுத்து வைத்தார். "இவருக்கு உடம்புக்கு என்ன?" என்று பெரிய வாத்தியாரைக் கேட்டார்.

"கோபம் வந்தா ஒரு முங்கு முங்கிட்டுத்தான் பேசணும்னு எங்களுக்குள்ள ஒரு விதிங்க. ஆறு இங்கனயிருந்து தூரம், அதான்" என்றார் பெரிய வாத்தியார்.

நாலாம் வகுப்பு வாத்தியார் பேசினார். குரல் தணிந்திருந்தது. "ஐயா சொன்ன வழிதான் நான் இருபது வருஷமாச் சொல்லிக் கொடுத்தது. நல்ல வழி. ஆனா இந்தப் பிள்ளைகளுக்கு இப்ப ஒரே வழிதான், மூணாம் வகுப்பு வாத்தியார் வழி. நானே அவுக வகுப்புல உக்காந்து படிச்சேன்." கோட்டுப் பைக்குள் கையை விட்டு, நனைந்த ஈர்க்குக் கட்டுகளை எடுத்தார். ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் மேஜையில் வைத்தார். அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "ஆத்தா, யாருக்காகவும் போடாத. எனக்கும் வேணாம், ஐயாவுக்கும் வேணாம். குச்சி என்ன சொல்லுதோ அதப் போடு."

அவள் ஒரு கட்டை அவிழ்த்தாள். எட்டை எடுத்து நீக்கினாள், பிறகு இரண்டு கட்டை நீக்கினாள். மீதியை எண்ணிப் பார்த்துவிட்டுப் பலகையைத் துடைத்து, இருபத்துநாலு என்று எழுதினாள்.

இன்ஸ்பெக்டர் தானும் ஒரு கட்டை எடுத்து அவிழ்த்துப் பார்த்தார். பிறகு வரிசையாக ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கணக்குக் கொடுத்தார். பதினோரு விடையும் சரி. காளைமாடு வரைகிற பையன் விடையையும் எழுதி, பக்கத்தில் மாட்டையும் வரைந்திருந்தான். இன்ஸ்பெக்டர் இரண்டுக்கும் சரி என்று குறி போட்டார்.

பார்வைப் புத்தகத்தில் அவர் எழுதியது எனக்கு மனப்பாடம். ஐந்தாம் வகுப்பு தொடரலாம். ஆசிரியர்கள் கூடிப் பேசுவது பாராட்டத்தக்கது. இனி அந்தக் கூட்டம் பள்ளிக் கட்டடத்துக்குள், முழு உடுப்போடு, ஆசிரியையும் உட்கார்ந்து பேசும்படி நடக்க வேண்டும். கடைசி வரியை அவர் எழுதும்போது டீச்சரம்மா வாசலில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வண்டி கிளம்பியதும் நான் நாலாம் வகுப்பு வாத்தியாரின் ஈரக் கோட்டை வாங்கிப் பிழிந்து கொடியில் போட்டேன். வேறு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை, பள்ளிக்கூடத்துக்குள், ஐந்து பேரும் முழு உடுப்போடு கூடினோம். முக்காலி வாசலிலிருந்து உள்ளே வந்திருந்தது. பெரிய வாத்தியார் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "யாருக்கும் ஏதும் குறை உண்டா?" என்று கேட்டார்.

ஒருவரும் பேசவில்லை. கால் மணி நேரம் போனது. மூன்றாம் வகுப்பு வாத்தியார் கடலையைக்கூட எடுக்கவில்லை. பழைய நோய் திரும்பிவிட்டது என்று எனக்குப் பயமாக இருந்தது.

டீச்சரம்மா எழுந்து போனார். பள்ளித் தோட்டத்துச் செடிகளுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கும் பெரிய அண்டாவை, பாதித் தண்ணீரோடு, தரதரவென்று இழுத்து வந்து நடுவில் வைத்தார். "காலைத் தூக்கி உள்ள வைங்க" என்றார். வேட்டியைத் தூக்கிக்கொண்டு நாங்கள் நாலு பேரும் வைத்தோம். அவரும் சேலையைக் கொஞ்சம் ஒதுக்கி, ஓரமாகப் பாதத்தை வைத்தார்.

உடனே நாலாம் வகுப்பு வாத்தியார், "பெரிய வாத்தியாரே, நீக இன்னும் தூங்குறீக" என்றார். கூட்டம் தொடங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து டீச்சரம்மா, "அஞ்சாம் வகுப்பு சாருக்கு ஒண்ணு சொல்லணும்" என்றார். நான் சிரித்த முகத்தோடு திரும்பினேன். கூட்டத்தை ஆரம்பித்து வைத்தவன் நான். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரே விடை வந்துச்சு. ஒரே மாதிரி பத்து குறைஞ்சு வந்துச்சு. அத ஆடி மாசத்துலருந்து பாத்துக்கிட்டு இருந்தது நீக ஒருத்தர்தான். ஒவ்வொரு சிலேட்டுலயும் கோடு இழுத்தீக. எங்கள ஒவ்வொருத்தரா வந்து திட்டினீக. இந்தப் பதினாலு எப்படித்தா வந்துச்சுன்னு ஒரு பிள்ளைகிட்டயாவது கேட்டீகளா?"

கேட்கவில்லை. ஒரே ஒரு நாள் கேட்டிருந்தால் போதும். அதனாலேயே எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதுவரை வந்த கோபமெல்லாம் அதன் கால்தூசி பெறாது. வாயைத் திறந்தேன்.

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு அண்டாவைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர்பின் ஒருவராக, மரியாதையாக, தங்கள் கால்களை வெளியே எடுத்தார்கள்.

நான் தண்ணீரைப் பார்த்தேன். ஐந்து ஜோடிக் கால் நனைந்த தண்ணீர். அடியில் மண்ணும் ஒரு கடலையும் கிடந்தன. துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தலையை உள்ளே விட்டேன்.

எழுந்தபோது யாரும் பேசாமல் காத்திருந்தார்கள். "தம்பி, தணிஞ்சிருச்சா?" என்று கேட்டார் நாலாம் வகுப்பு வாத்தியார்.

"இன்னும் ஒரு தரம்" என்றேன்.